மருத்துவமனையில் நோயாளியின் பாதுகாப்பு: உடன் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அப்பாவுக்கோ மனைவிக்கோ குழந்தைக்கோ துணையாக வார்டில் உட்கார்ந்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. சட்டமும் விதிகளும் இந்தியாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் உரியவை.

நோய் தீரத்தானே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அங்கேயே தீங்கு நேருமா?

நேரும். சிகிச்சை பெறுபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அந்தச் சிகிச்சையாலேயே ஏதோ ஒரு தீங்கு ஏற்படுகிறது என்றும், அதில் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கக்கூடியது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாதுகாப்பற்ற சிகிச்சையால் ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாக அதே நிறுவனம் கணிக்கிறது. பணக்கார நாடுகளும் இதற்கு விலக்கல்ல. மருத்துவத் தவறுகளால் அமெரிக்க மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று 1999-இல் வந்த ஓர் அறிக்கை சொன்ன பிறகுதான் உலகம் இதை ஒரு தனித் துறையாகவே பார்க்கத் தொடங்கியது.

வயிற்றுக்குள் கத்தரிக்கோலை வைத்துத் தைத்த செய்தி பத்திரிகையில் வரும். அப்படி நடப்பது அபூர்வம். அன்றாடம் நடப்பவை வேறு: மருந்தின் அளவு மாறுவது, குழாய் வழியே கிருமி ஏறுவது, கழிப்பறையில் வழுக்கி விழுவது, படுக்கைப் புண், ஷிஃப்ட் மாறும்போது ஒரு தகவல் விட்டுப்போவது. இவை செய்தியாவதில்லை. ‘வயசாயிடுச்சு, என்ன பண்றது’ என்று வீட்டுக்காரர்களே சமாதானம் சொல்லிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

தவறு செய்தவரை சஸ்பெண்ட் செய்தால் சரியாகிவிடாதா?

ஒரு உதாரணம். அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடை நீர்க்கச் செய்யாமல் நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். சாதாரணமாக ஊசி மருந்தைக் கலக்கப் பயன்படும் தண்ணீர் ஆம்பியூலும் (சின்ன மருந்துக் குப்பி) இதுவும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்து, ஒரே ட்ரேயில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால், அரைகுறை வெளிச்சத்தில் ஒரு வார்டு முழுவதையும் தனியாகப் பார்க்கும் நைட் ட்யூட்டி நர்ஸ் என்றாவது ஒருநாள் மாற்றி எடுப்பார். அவரை வேலையைவிட்டு நீக்கினாலும் ஆம்பியூல் அதே ட்ரேயில்தான் இருக்கும். அடுத்த நர்ஸும் அதே கையால்தான் எடுப்பார். நல்ல மருத்துவமனை என்ன செய்யும்? அந்த மருந்தைப் பொது வார்டிலிருந்தே எடுத்துவிடும். வைத்தே ஆக வேண்டிய இடத்தில் தனிப் பெட்டி, சிவப்பு லேபிள், போடுமுன் இரண்டு பேர் சரிபார்ப்பது என்று வைக்கும்.

விருதுநகர் மாவட்டத்தில் 2018 டிசம்பரில் ஒரு கர்ப்பிணிக்கு ஹெச்.ஐ.வி. கிருமி உள்ள ரத்தம் ஏற்றப்பட்டதைத் தமிழ்நாடு மறந்திருக்காது. ரத்தம் கொடுத்த இளைஞர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முகாமில் ரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே பரிசோதனையில் தொற்று தெரிந்தும் அவருக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. அவர் மறுபடியும் ரத்தம் கொடுத்தார். இந்த முறை பரிசோதனையும் அதைப் பிடிக்கவில்லை. பின்னர் வேறொரு காரணத்துக்காகச் செய்த பரிசோதனையில் உண்மை தெரிந்ததும் அவரே ஓடிவந்து சொன்னார். அதற்குள் ரத்தம் ஏறிவிட்டிருந்தது. இதில் எத்தனை கதவுகள் திறந்து கிடந்தன என்று எண்ணிப் பாருங்கள். ஊழியர்கள் மீது நடவடிக்கை வந்தது, வர வேண்டியதுதான். ஆனால் முதல் முகாமின் முடிவு கொடையாளருக்குப் போய்ச் சேருவதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு எந்த சஸ்பென்ஷன் உத்தரவிலும் பதில் இருக்காது.

குடித்துவிட்டு ட்யூட்டிக்கு வருவது, தகுதியில்லாதவர் ஆபரேஷன் செய்வது, கேஸ் ஷீட்டைத் திருத்துவது ஆகியவை வேறு ரகம். அங்கே தண்டனைதான் மருந்து. மற்ற இடங்களில், தவறை ஒப்புக்கொண்டால் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை யாரும் எதையும் எழுதிவைக்க மாட்டார்கள். எழுதாததைத் திருத்தவும் முடியாது. ஒரு மருத்துவமனையின் தரத்தை அளக்க எனக்கு ஒரே ஒரு கேள்வி அனுமதித்தால், ‘போன மாதம் இங்கே என்னென்ன தவறுகள் பதிவாயின?’ என்றுதான் கேட்பேன். ‘ஒன்றுமே இல்லை’ என்று பதில் வந்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

நாங்கள் கேள்வி கேட்டால் டாக்டரும் நர்ஸும் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

சிலர் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை, கேளுங்கள். எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். ‘ஏம்மா, என்ன ஊசி இது?’ என்பதற்கும் ‘சிஸ்டர், இது என்ன மருந்துன்னு சொல்லுங்க, எழுதி வெச்சுக்கிறேன்’ என்பதற்கும் பதிலில் நிறைய வித்தியாசம் இருக்கும்.

மிக முக்கியமானது பெயர். ஊசி, மாத்திரை, ரத்தம், ஸ்கேன் எதுவானாலும் அது இந்த நோயாளிக்கு உரியதுதானா என்று குறைந்தது இரண்டு அடையாளங்களைக் கொண்டு பார்க்க வேண்டும் என்பது எங்கும் உள்ள விதி. பெயரும் மருத்துவமனை எண்ணும், அல்லது பெயரும் பிறந்த தேதியும். படுக்கை எண்ணை அடையாளமாக வைத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் நோயாளியை வேறு படுக்கைக்கு மாற்றுவார்கள். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரே வார்டில் இரண்டு லட்சுமி, மூன்று முருகேசன் சர்வசாதாரணம். அதனால் அப்பா அல்லது கணவர் பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள்.

‘நீங்கதானே லட்சுமி?’ என்று கேட்டால் அரைத் தூக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் தலையாட்டிவிடுவார். ‘உங்க பேர் என்ன?’ என்று கேட்டு நோயாளியின் வாயால் வரவழைக்க வேண்டும். அவர் பேச முடியாத நிலையில் இருந்தால் கைப்பட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே முந்திக்கொண்டு முழுப் பெயரைச் சொல்லிவிடுவதில் தவறே இல்லை.

ஒவ்வாமை இருந்தால் அட்மிஷனில் சொன்னதோடு விடாதீர்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்பதை ஒவ்வொரு ஷிஃப்டிலும் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த மருந்துகளில் அதிகக் கவனம் வேண்டும்?

பட்டியல் நீளம். வீட்டில் நடக்கும் தவறுகளில் ஆபத்தான மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் இன்சுலின். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனா வகைகளில் 100 யூனிட். இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. மருந்துக் கடையில் ‘இன்சுலின் சிரிஞ்சு ஒண்ணு’ என்று கேட்டு வாங்கி வந்து, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் ‘20’ கோடுவரை எடுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏன் குறையவில்லை என்று டாக்டர் மருந்தைக் கூட்டிக்கொண்டே போவார். மாறாக 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ‘20’ கோடுவரை எடுத்தால் போவது 50 யூனிட். அன்று இரவே சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். பேனாவுக்கான மருந்தைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பது வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் தரும் இந்த மாத்திரை வாரத்துக்கு ஒருநாள் மட்டும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் விழுங்கியவர்களுக்கு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிரே போயிருக்கிறது. சீட்டில் ‘வாரம் ஒருமுறை’ என்று இருந்தால் போதாது. ‘ஞாயிறு மட்டும்’ என்று கிழமையை எழுதித் தரச் சொல்லுங்கள். இதோடு வரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் பார்வைக்குக் கிட்டத்தட்ட அதேபோல மஞ்சளாக, சின்னதாக இருப்பதுண்டு என்பதால் இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

மூன்றாவது, குழந்தைகளின் பாராசிட்டமால். சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 அல்லது 250. சிரப் தீர்ந்துபோய், அண்ணன் மகனுக்கு வாங்கிய சொட்டு மருந்தை அதே ஐந்து மில்லி மூடியால் ஊற்றிக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு 500 மில்லிகிராம் போய்விடும். ஒரு பெரியவருக்கான மாத்திரை அது.

ட்ரிப்ஸ் ஒரு பாட்டில் போட்டால் தெம்பு வரும், அதில் என்ன ஆபத்து?

வாயால் குடிக்க முடிகிறவருக்கு அந்தத் தண்ணீரும் உப்பும் சர்க்கரையும் வாய்வழியே போனால் போதும். தேவையில்லாத ஒவ்வொரு ஊசியும் கிருமிக்கு ஒரு வாசல். ‘ஊசி போடாத டாக்டர் என்ன டாக்டர்’ என்ற பேச்சை நாம் நிறுத்தினால் இந்தத் தீங்கில் கணிசமான பங்கு தானாகக் குறையும். டாக்டர்களை மட்டும் குறை சொல்ல முடியாத இடம் இது.

ஆபரேஷனுக்கு முன்னால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவைச் சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. மொத்தம் 19 அம்சங்கள். மயக்க மருந்து கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளியைத் தியேட்டரிலிருந்து வெளியே அனுப்புமுன் என்று மூன்று இடங்களில் எல்லோரும் கையை நிறுத்தி, நோயாளி யார், எந்த ஆபரேஷன், எந்தப் பக்கம், பஞ்சும் கருவிகளும் கணக்குச் சரியா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தார்கள். 2009-இல் வெளியான முடிவின்படி இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. சிக்கல்கள் 11-லிருந்து 7 சதவீதமாயின.

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் இதே பட்டியலைக் கட்டாயமாக்கி 101 மருத்துவமனைகளின் கணக்கைப் பார்த்தார்கள். 2014-இல் வந்த முடிவில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. என் கருத்தில் காரணம் எளிது. படிவத்தில் டிக் அடிப்பது வேறு, சீனியர் சர்ஜன் முன்னால் ஒரு ஜூனியர் நர்ஸ் ‘சார், ஒரு நிமிஷம், இடது முழங்கால்னு எழுதியிருக்கு’ என்று சொல்ல முடிவது வேறு. ஆபரேஷன் முடிந்த பிறகு டீ குடித்துக்கொண்டே மொத்தமாக நிரப்பும் பட்டியல் யாரையும் காப்பாற்றாது.

உங்கள் பங்கும் உண்டு. ஆபரேஷன் செய்யவிருக்கும் இடத்தை, நோயாளி விழித்திருக்கும்போதே, சர்ஜன் பேனாவால் குறியிட வேண்டும். ‘இந்தப் பக்கம்’ என்று கைகாட்டாமல் வலது, இடது என்று வாயால் சொல்லுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளைச் சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள். நாட்டு மருந்து, லேகியம், சூரணம் சாப்பிட்டாலும் சொல்லுங்கள், திட்ட மாட்டார்கள். பல்செட் இருந்தால் அதையும்.

இன்னொன்று, இது நம் பாசத்தால் வரும் ஆபத்து. வெறும் வயிற்றோடு இருக்கிறாரே என்று மனசு கேட்காமல் யாரோ அரை டம்ளர் டீ கொடுத்திருப்பார்கள். மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் பெரும் சிக்கல். கொடுத்துவிட்டீர்களா? மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

கையெழுத்துப் போடச் சொல்லும் படிவத்தில் என்ன இருக்கிறது?

படித்துப் பாருங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன சிகிச்சை, அதன் அபாயம், மாற்று வழி, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை உங்களுக்குப் புரியும் மொழியில் டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். பரிசோதனைக்கு வாங்கிய சம்மதம் ஆபரேஷனுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொல்லியிருக்கிறது. உயிருக்கு ஆபத்தான அவசரம் மட்டுமே விதிவிலக்கு. நோயாளி சுயநினைவுள்ள பெரியவராக இருந்தால் சம்மதம் தர வேண்டியவர் அவர்தான். கணவரோ மகனோ அல்ல.

ஐ.சி.யூ.வில் கிருமி தொற்றும் என்கிறார்களே?

நோயாளிக்குள் போகும் ஒவ்வொரு குழாயும் கிருமிக்கு வழி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்கள் சேர்ந்து ஐந்தே காரியங்களைச் செய்தன: கை கழுவுவது, முழு உறையணிந்து குழாய் போடுவது, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைச் சுத்தம் செய்வது, முடிந்தவரை தொடையிடுக்கு வழியாகக் குழாய் போடுவதைத் தவிர்ப்பது, தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடுவது. ஒன்றரை ஆண்டில் ரத்தக் குழாய்வழித் தொற்று மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியதை 2006-இல் வெளியிட்டார்கள். புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை. இந்த ஐந்தில் ஒன்றை டாக்டர் விட்டுவிட்டால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை நர்ஸுக்குக் கொடுத்தார்கள். எனக்கு அந்த ஐந்தைவிடப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

ரவுண்ட்ஸ் வரும்போது நீங்கள் கேட்க வேண்டியது: ‘இந்த யூரின் ட்யூப், கழுத்து லைன் இன்னும் தேவையா, சார்?’ மறந்துபோய் மாட்டியிருக்கும் குழாய்கள் ஏராளம். பார்க்கப் போகிறவர்களும் உள்ளே போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை கையைச் சுத்தம் செய்ய வேண்டும். சோப்பென்றால் 40 முதல் 60 விநாடி, சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி. சித்தப்பா, பெரியம்மா, ஒன்றுவிட்ட மைத்துனர் என்று ஊரே வந்து பார்த்துவிட்டுப் போவது மரியாதைதான். ஐ.சி.யூ.வுக்கு மட்டும் அந்த மரியாதையைப் போனில் காட்டலாம்.

அரசு மருத்துவமனையா, தனியாரா, எது பாதுகாப்பு?

பொதுப்படையாகச் சொல்ல முடியாது. தனியாரில் என்.ஏ.பி.ஹெச். என்ற மருத்துவமனைத் தர வாரியத்தின் அங்கீகாரமும், அரசில் 2013 முதல் தேசியத் தரச் சான்றும், 2015 முதல் தூய்மைக்கான காயகல்ப் விருதும் இருக்கின்றன. இவை இருப்பது நல்லது. ஆனால் ஆய்வுக்கு ஆள் வரும் வாரத்தில் எல்லா வார்டும் பளபளக்கும். சுவரில் மாட்டிய சான்றிதழைவிட, நைட் ஷிஃப்டில் எத்தனை நோயாளிக்கு ஒரு நர்ஸ், ராத்திரியில் ட்யூட்டி டாக்டர் உள்ளேயே இருக்கிறாரா, ரத்தம் எங்கிருந்து வரும் என்பது அதிகம் சொல்லும்.

தமிழ்நாட்டு அரசுத் துறை செய்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், எங்கே எந்த நிமிடம் தாமதமானது என்று அந்த மரணத்தைத் தனியாக எடுத்து மாவட்ட அளவில் ஆராய்கிறார்கள். குடும்பத்தையும் கேட்கிறார்கள். ஆம்புலன்ஸ் தாமதமா, ரத்தம் இல்லையா, மயக்க மருந்து டாக்டர் இல்லையா என்று கிடைத்த பதில்களை ஒட்டித்தான் 24 மணி நேரமும் இயங்கும் சீமாங்க் (தாய், சேய் அவசர சிகிச்சை) மையங்கள் வலுப்பெற்றன. 2004-06 காலத்தில் உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 111 ஆக இருந்த தாய் இறப்பு, 2018-20-இல் 54 ஆனது. அதே காலத்தில் இந்திய சராசரி 97. எல்லாப் பெருமையும் ஆய்வுக் கூட்டங்களுக்கே சேராது, சாலையும் படிப்பும் 108-ம் சேர்ந்ததுதான். ஆனால் சாவை மூடி மறைக்காமல் மேசைமேல் வைத்துப் பேசும் பழக்கம் இல்லாமல் இது நடந்திருக்காது. மற்ற வார்டுகளுக்கும் இந்தப் பழக்கம் எப்போது வரும் என்பதுதான் என் ஆதங்கம்.

படுக்கைப் புண் வராமல் பார்ப்பது யார் பொறுப்பு?

மருத்துவமனையின் பொறுப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். செய்யவில்லையென்றால் நினைவூட்டுங்கள், கூடப் பிடித்து உதவுங்கள். இடுப்பெலும்புப் பகுதியும் குதிகாலும் சிவந்தால் உடனே சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது?

பில் கட்டும் அவசரத்தில் எல்லோரும் கோட்டைவிடும் நேரம் இது. வீட்டில் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். எதைத் தொடர வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒரே பி.பி. மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் பழைய சீட்டிலும் புதுச் சீட்டிலும் இருக்கும். இரண்டையும் விழுங்கித் தலைசுற்றி விழுந்து மறுபடி சேருபவர்கள் உண்டு. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது வியாபாரப் பெயர், சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. அதைப் பாருங்கள். எந்த அறிகுறி வந்தால் காத்திருக்காமல் ஓடிவர வேண்டும், ராத்திரியில் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

தவறு நடந்துவிட்டதோ என்று சந்தேகம். என்ன செய்யலாம்?

முதலில் நோயாளிக்கு இப்போது என்ன தேவை என்று பாருங்கள். சண்டை பிறகு. கண்ணாடியை உடைத்தால் 2008-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் உங்கள் மேல்தான் வழக்கு வரும், உண்மையும் வெளிவராது.

மருத்துவப் பதிவேடுகளின் நகலை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. என்ன நடந்தது என்று விளக்கக் கூட்டம் கேளுங்கள். நேர்மையான மருத்துவமனை உட்கார்ந்து பேசும். திருப்தி இல்லையென்றால், மருத்துவர் மீதான புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு. மருத்துவமனை மீதானது மாவட்டத்தின் மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு. இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம், பொதுவாக இரண்டு ஆண்டுக்குள். மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் இதில் சேரா. அங்கே உயர் நீதிமன்றமும் மனித உரிமை ஆணையமும்தான் வழி. டாக்டர் மீது கிரிமினல் வழக்கு என்பது கடுமையான அலட்சியத்துக்கு மட்டும் என்பது 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. சிகிச்சை பலிக்கவில்லை என்பதாலேயே அது அலட்சியம் ஆகிவிடாது.

மருந்து சாப்பிட்டு ஏதாவது ஆனால் யாரிடம் சொல்வது?

எழுதித் தந்த டாக்டரிடம் முதலில். மருந்துகளின் தீய விளைவுகளைக் கண்காணிக்க 2010 முதல் ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே சொல்லலாம், டாக்டர் மூலமாகத்தான் போக வேண்டும் என்பதில்லை. மருந்தே கெட்டிருக்கிறது என்று தோன்றினால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் சொல்லுங்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்தச் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழ்நாட்டுத் துறையினர் கண்டறிந்தார்கள். கையில் பாட்டிலும் பேட்ச் எண்ணும் இருந்தால்தான் இப்படிப் பிடிக்க முடியும். ஆகவே மருந்து தீரும்வரை பில்லையும் அட்டைப் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும்போது பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள முனையைக் கடைசிவரை விட்டுவையுங்கள்.